கவுன்சலிங் மே மாதத்தில் தொடங்குவதில்லை

பிளஸ் டூ ரிசல்ட் வரும் நாளில் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "கட்-ஆஃப் எவ்வளவு?" பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தது வரும்: "இதுக்கு எங்கே கிடைக்கும்?" இரண்டும் கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் அதற்குள் பதிலில் பெரும்பகுதி முடிவாகிவிட்டிருக்கும். எந்தெந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்கவே முடியும் என்பது இரண்டு வருடம் முன்பு, பத்தாம் வகுப்பு முடித்து குரூப் எடுத்த அன்றே தீர்மானமாகிவிட்டது. சில நுழைவுத் தேர்வுகளுக்கு விண்ணப்பிக்கும் தேதி அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே போய்விட்டது. சில சலுகைகளுக்கான தகுதி ஆறாம் வகுப்பிலிருந்து கணக்கில் ஏறிக்கொண்டிருக்கிறது.

எது எப்போது முடிவாகிறது என்று தெரிந்தால்தான் பள்ளிக் காலத்திலேயே கல்லூரிக்குத் தயாராவதில் பொருள் இருக்கும். கோச்சிங் விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை.

கட்-ஆஃப்: ஒரே சொல், இரண்டு பொருள்

குழப்பம் இந்தச் சொல்லிலேயே தொடங்குகிறது. மாணவர் எடுத்த மதிப்பெண்ணை 200க்கு மாற்றிச் சொல்வதும் கட்-ஆஃப்தான். ஒரு கல்லூரியில் ஒரு பாடப்பிரிவின் கடைசி சீட் எந்த மதிப்பெண்ணுக்குப் போனதோ, அதுவும் கட்-ஆஃப்தான். முதலாவது உங்கள் கையில் இருக்கிறது. இரண்டாவது ஒவ்வோர் ஆண்டும், ஒவ்வோர் இட ஒதுக்கீட்டுப் பிரிவுக்கும் மாறும்.

பொறியியல் கவுன்சலிங்கில் முதலாவதைக் கணக்கிடுவது எளிது. கணிதம் 100க்கு அப்படியே. இயற்பியல், வேதியியல் இரண்டும் பாதியாகி 50, 50. மொத்தம் 200. தமிழும் ஆங்கிலமும் இதில் சேராது.

இந்தக் கணக்கில் கணிதத்துக்கு இரட்டை எடை. இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். முதல் மாணவிக்குக் கணிதம் 98, இயற்பியல் 80, வேதியியல் 80. இரண்டாமவருக்குக் கணிதம் 80, இயற்பியல் 98, வேதியியல் 80. மூன்று பாடங்களின் கூட்டுத்தொகை இருவருக்கும் 258தான். கட்-ஆஃப் போட்டுப் பார்த்தால் முதல் மாணவிக்கு 98+40+40 = 178. இரண்டாமவருக்கு 80+49+40 = 169. ஒன்பது மதிப்பெண் வித்தியாசத்தில் நடுவே ஆயிரக்கணக்கான ரேங்க் இருக்கும். இருவர் ஒரே கட்-ஆஃபில் வந்து நின்றாலும் முதலில் பார்ப்பது கணித மதிப்பெண்ணைத்தான், பிறகு இயற்பியல். அதிலும் பிரிக்க முடியாவிட்டால் வரிசையாக வேறு சிலவற்றைப் பார்த்துவிட்டு, பிறந்த தேதிக்கும் கடைசியாக ரேண்டம் எண்ணுக்கும் போவார்கள். வயதில் மூத்தவருக்கு முன்னுரிமை.

சி.பி.எஸ்.இ. போன்ற பிற வாரியங்களில் படித்தவர்களின் மதிப்பெண் அப்படியே சேர்க்கப்படுவதில்லை. அந்தந்த வாரியத்தில் ஒரு பாடத்தில் எடுக்கப்பட்ட உச்ச மதிப்பெண்ணை மாநில வாரியத்தின் உச்ச மதிப்பெண்ணோடு சமப்படுத்தி, மற்றவற்றை அதே விகிதத்தில் மாற்றுவார்கள்.

ஏன் இரண்டு அளவுகோல்கள்?

பொறியியலுக்குப் பிளஸ் டூ மதிப்பெண், மருத்துவத்துக்கு நீட். ஏன் இப்படி என்று பிள்ளைகள் கேட்டால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1984இல் தமிழ்நாடே தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வைக் கொண்டுவந்தது. கிராமப்புற மாணவர்களுக்கு அது தடையாக இருக்கிறது என்ற வாதம் வலுத்து, ஆனந்தகிருஷ்ணன் குழுவின் பரிந்துரைக்குப் பிறகு சட்டம் இயற்றி, 2007 சேர்க்கையிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். அடுத்த பத்தாண்டுகள் மருத்துவத்துக்கும் பிளஸ் டூ மதிப்பெண்தான்: உயிரியல் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. 2016இல் மாநில இடங்களுக்கு நீட்டிலிருந்து ஓராண்டு விலக்குக் கிடைத்தது. 2017 முதல் நீட் கட்டாயமானது.

இரண்டு அளவுகோலும் எவ்வளவு தூரம் விலகி நிற்கின்றன என்பதை அந்த முதல் ஆண்டே காட்டிவிட்டது. அரியலூர் மாவட்டத்து அனிதா பிளஸ் டூவில் 1200க்கு 1176, மருத்துவக் கட்-ஆஃப் 196.75. நீட்டில் 720க்கு 86. பாடத்திட்டம் வேறு, கேள்வி கேட்கும் முறை வேறு, பயிற்சி வேறு.

ஆகவே ஒரு வீட்டில் முதலில் தெளிவாக வேண்டியது, நாம் எந்த அளவுகோலுக்குப் படிக்கிறோம் என்பது. அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம்தான் இலக்கு என்றால், ஐ.ஐ.டி., என்.ஐ.டி.களுக்கான ஜே.இ.இ. நுழைவுத் தேர்வின் ரேங்க் அதற்கு உதவாது. அங்கே பிளஸ் டூ மதிப்பெண்தான் பேசும். ஜே.இ.இ. கோச்சிங்குக்கு லட்சக்கணக்கில் கட்டிவிட்டு, பள்ளிப் பாடத்தில் நான்கைந்து மதிப்பெண்ணைக் கோட்டைவிட்டு, கிண்டியைத் தவறவிடுவதெல்லாம் நடக்கிற கதைதான். மறுபக்கம், திருச்சி என்.ஐ.டி.யில் பாதி இடங்கள் தமிழ்நாட்டு மாணவர்களுக்கான மாநில ஒதுக்கீடு. அங்கே ஜே.இ.இ. மெயின் ரேங்க்தான் எல்லாம். ஆனால் அங்கும் பிளஸ் டூ ஒரேயடியாக ஒதுங்கிவிடுவதில்லை. 75 சதவீதம் (எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 65) எடுத்திருக்க வேண்டும், அல்லது அந்த வாரியத்தின் முதல் 20 பெர்சன்டைலுக்குள் வர வேண்டும்.

குரூப் எடுக்கும் நாள்

பதினைந்து வயதில் எடுக்கும் முடிவு இது. பள்ளியில் கிடைக்கிற குரூப், நண்பன் சேர்ந்த குரூப், பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணுக்குத் தலைமையாசிரியர் கொடுத்த குரூப் என்று பல வீடுகளில் அது தானாகவே நடந்துவிடுகிறது. எந்தக் குரூப்பில் எந்த வழி திறந்திருக்கிறது, எது அடைபடுகிறது என்று பார்ப்போம்.

1. கணிதம்-உயிரியல். பொறியியல், மருத்துவம், வேளாண்மை, கால்நடை மருத்துவம் எல்லாமே திறந்திருக்கும். 'முதல் குரூப்' என்ற பெருமை அதனால்தான். சுமையும் அதிகம். கணிதத்தையும் உயிரியலையும் ஒரே மூச்சில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் குறைவு. எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்துவிட்டு இரண்டிலும் எழுபதில் நிற்பதைவிட ஒன்றை விட்டுவிடுவது மேல்.

2. கணிதம்-கம்ப்யூட்டர் சயின்ஸ். பொறியியல், கட்டடக் கலை, கணிதம், இயற்பியல் பட்டப்படிப்புகள் எல்லாம் உண்டு. நீட் கிடையாது. உயிரியலைப் பின்னர் கூடுதல் பாடமாக எழுதித் தேறினால் நீட்டுக்குத் தகுதி உண்டு என்று 2023இல் தேசிய மருத்துவ ஆணையம் வழிவிட்டிருக்கிறது. ஆனால் அதை நம்பி இந்தக் குரூப்பை எடுக்க வேண்டாம்.

3. கணிதம் இல்லாத அறிவியல் குரூப். நீட்டை மட்டும் மனதில் வைத்துப் பலர் எடுப்பது. நீட் கைகொடுக்காவிட்டால் பி.இ., பி.டெக். கவுன்சலிங்குக்குப் போக முடியாது. ஆனால் இந்தக் குரூப்புக்கு எம்.பி.பி.எஸ். ஒன்றுதான் வழி என்று நினைப்பது தவறு. தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங்குக்கும், கால்நடை மருத்துவத்தின் மாநில இடங்களுக்கும் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே சேர்க்கை நடக்கிறது. ஆனால் சித்த மருத்துவத்துக்கு நீட் வேண்டும். 'நீட் இல்லாத சித்தா' என்று இன்னமும் சிலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

4. வணிகவியல், கலைப் பிரிவுகள். 'மார்க் குறைந்தவர்கள் எடுப்பது' என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. பி.காம்., சி.ஏ. ஃபவுண்டேஷன், ஐந்தாண்டு சட்டப்படிப்பு எல்லாம் இந்தக் குரூப்பிலிருந்தும் நேராகப் போகக்கூடியவை. சட்டத்துக்குக் குரூப் தடையே இல்லை. இங்கே அடைபடுவது பொறியியல், மருத்துவம் போன்றவைதான்.

இவை தவிர, பத்தாம் வகுப்புக்குப் பின் பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு டிப்ளமோ முடித்து நேராக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரும் 'லேட்டரல் என்ட்ரி' வழியும் இருக்கிறது. பிளஸ் டூவில் திணறக்கூடிய, ஆனால் கையால் செய்து பார்த்துக் கற்கும் பிள்ளைகளுக்கு இது நல்ல வழி. ஏனோ யாரும் இதை முதலில் சொல்வதில்லை.

பள்ளி மாற்றுவதன் விலை

2020இல் தமிழ்நாடு அரசு மருத்துவ இடங்களில் 7.5 சதவீதத்தை அரசுப் பள்ளி மாணவர்களுக்கு உள் ஒதுக்கீடாக வழங்கியது. 2021இல் இது பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் முதலியவற்றுக்கும் விரிந்தது. இந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேருபவர்களுக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே ஏற்கிறது.

நிபந்தனை ஒன்றுதான், ஆனால் கறாரானது: ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மாநகராட்சிப் பள்ளி, ஆதி திராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி எல்லாம் அரசுப் பள்ளிக் கணக்கில் வரும். அரசு உதவி பெறும் பள்ளி வராது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் தனியார் பள்ளியில் எட்டாவது வரை படித்து, ஒன்பதாவது முதல் அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு.

இதன் விளைவைப் பாருங்கள். கிராமத்து அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பில் 480 எடுத்த பெண்ணை, 'இன்னும் நல்லா வரட்டும்' என்று பிளஸ் ஒன்னுக்குத் தனியார் பள்ளியில் சேர்க்கிறார்கள். பள்ளியும் கட்டணத்தைக் குறைத்து வரவேற்கும். நல்லெண்ணத்தில் எடுத்த முடிவுதான். ஆனால் அன்றோடு அந்தப் பெண்ணுக்கு 7.5 போய்விட்டது. கூடவே, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் பெண்களுக்கு மாதம் ரூ.1,000 தரும் புதுமைப் பெண் திட்டமும் போய்விட்டது. (2022இல் தொடங்கிய அந்தத் திட்டத்துக்கு ஆண்களுக்கான இணை, 2024இல் வந்த தமிழ்ப் புதல்வன்.) மாறவே கூடாது என்று சொல்லவில்லை. மாறும்போது எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். தனியார் பள்ளிக்காரர்கள் இதை எடுத்துச் சொல்வார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

பிளஸ் ஒன் பாடம் எங்கே போகிறது?

முன்பெல்லாம் பல தனியார் பள்ளிகளில் பிளஸ் ஒன் புத்தகத்தைத் தொடுவதே இல்லை. முதல் ஆண்டிலிருந்தே பிளஸ் டூ பாடம்தான். பொதுத்தேர்வு மதிப்பெண் பிளஸ் டூவுக்கு மட்டும் என்பதால் அது செல்லுபடியானது. இதை நிறுத்தத்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 1200 மதிப்பெண் 600 ஆனதும் அந்த ஆண்டு பிளஸ் ஒன் படித்தவர்களிலிருந்துதான். மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி 2025-26 முதல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு மீண்டும் நீக்கப்பட்டிருக்கிறது. பிள்ளைகளுக்கு ஒரு சுமை குறைந்தது, சரி. பழைய பழக்கம் திரும்பி வருமோ என்ற கவலையும் கூடவே இருக்கிறது.

ஏனென்றால் நீட்டும் ஜே.இ.இ.யும் இரண்டு ஆண்டுப் பாடத்திலிருந்தும் கேட்கின்றன. நீட்டில் 180 கேள்விகள்: இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90. இயக்கவியல், வெப்ப இயக்கவியல், அணு அமைப்பு, மனித உடலியங்கியல் எல்லாம் பதினோராம் வகுப்புப் பாடங்கள். பொறியியல் கல்லூரியின் முதல் பருவத்தில் பிள்ளைகள் திணறுவதற்கும் இதுதான் பெரிய காரணம். வகையிடலும் திசையன்களும் பிளஸ் ஒன்னில் அறிமுகமாக வேண்டியவை. நேராகப் பிளஸ் டூ கணக்கை மனப்பாடம் செய்து 100 எடுத்தவருக்கும் அடித்தளம் இருக்காது.

ஆகவே பிளஸ் ஒன்னில் பெற்றோர் செய்யக்கூடிய உருப்படியான வேலை ஒன்று: ஆகஸ்ட் வாக்கில் பிள்ளையின் இயற்பியல் நோட்டைத் திறந்து, அதில் எந்த வகுப்புப் பாடம் ஓடுகிறது என்று பார்ப்பது.

தேதிகள்: அக்டோபரில் தொடங்குகிறது

மே மாதம்தான் விண்ணப்பக் காலம் என்பது பொறியியலுக்கும் அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கும் பொருந்தும். நுழைவுத் தேர்வு கேட்பவற்றுக்கு அந்த நேரத்தில் போனால் கடையைக் கட்டியிருப்பார்கள். பிளஸ் டூ ஆண்டில் பொதுவாக வரும் வரிசை இது:

1. அக்டோபர்-நவம்பர்: ஜே.இ.இ. மெயின் ஜனவரி அமர்வுக்கு விண்ணப்பம். தேர்வைத் தமிழிலும் எழுதலாம். தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் விண்ணப்பமும் இந்தக் காலத்துக்குள் முடிந்து, டிசம்பரில் தேர்வே நடந்துவிடும். சட்டம் படிக்க விரும்பும் பிள்ளைகள் அதிகம் தவறவிடுவது இதைத்தான்.

2. டிசம்பர்: தேசியப் பாதுகாப்பு அகாடமியின் (என்.டி.ஏ.) ஏப்ரல் தேர்வுக்கு விண்ணப்பம். ராணுவத்தில் அதிகாரியாகும் வழி இது. பிளஸ் டூ படித்துக்கொண்டிருக்கும்போதே எழுதலாம். கணிதத் தாள் உண்டு.

3. ஜனவரி முதல் மார்ச் வரை: நீட், மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் விண்ணப்பங்கள். திருவாரூரில் இருக்கும் மத்தியப் பல்கலைக்கழகமும் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும் க்யூட் வழிதான். வீட்டுக்குப் பக்கத்தில் குறைந்த கட்டணத்தில் இருக்கும் இடங்கள் இவை. ஜூனில் போய்க் கேட்டால் நுழைவுத் தேர்வு எழுதினீர்களா என்று கேட்பார்கள்.

4. மார்ச்-ஏப்ரல்: சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் கழகம், ஐசர் போன்ற அடிப்படை அறிவியல் நிறுவனங்களின் நுழைவுத் தேர்வு விண்ணப்பங்கள். கணிதத்தை உண்மையாகவே விரும்பும் பிள்ளைக்கு இவற்றைச் சொல்லாமல் விடுவது அநியாயம்.

பொதுத்தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையிடம் இந்தத் தேதிகளையும் நினைவில் வை என்று சொல்லக் கூடாது. இது பெரியவர்கள் பார்க்க வேண்டிய வேலை. அந்தந்த ஆண்டின் சரியான தேதியை அதிகாரபூர்வ அறிவிப்பில் மட்டும் பாருங்கள். வாட்ஸ்அப்பில் வரும் பட்டியல் பெரும்பாலும் போன வருடத்தது.

காகிதங்கள்

எல்லாவற்றுக்கும் தாய்ச் சான்றிதழ் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல். பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் அதில் எப்படி இருக்கிறதோ அப்படியேதான் பிறகு ஆதார், சாதிச் சான்று, நீட் விண்ணப்பம் எல்லாவற்றிலும் இருக்க வேண்டும். ஒன்றில் 'எஸ். கவிதா', இன்னொன்றில் 'கவிதா செல்வராஜ்', மூன்றாவதில் 'கவிதா எஸ்' என்று இருந்தால் சரிபார்ப்பின்போது அலையவிடுவார்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முன்பு பள்ளியில் பெயர்ப்பட்டியலைக் காட்டிக் கையெழுத்து வாங்குவார்கள் அல்லவா, திருத்த வேண்டியதை அப்போதே திருத்திவிட வேண்டும்.

இரண்டாவது சிக்கல் ஓ.பி.சி. சான்று. தமிழ்நாட்டில் பி.சி., எம்.பி.சி. என்று கொடுக்கும் சாதிச் சான்று மாநிலக் கவுன்சலிங்குக்குப் போதும். ஐ.ஐ.டி., என்.ஐ.டி., மருத்துவத்தில் அகில இந்திய ஒதுக்கீடு போன்றவற்றில் 27 சதவீத இடத்தைக் கோர வேண்டுமானால் மத்திய அரசு வடிவத்தில் 'கிரீமி லேயர் அல்லாதவர்' என்ற தனிச் சான்று வேண்டும். அதற்கான வருமான வரம்பு ஆண்டுக்கு ரூ.8 லட்சம். சம்பளமும் விவசாய வருமானமும் அந்த 8 லட்சத்தில் சேராது என்பதைத் தெரியாமலே பலர் விண்ணப்பிக்காமல் விட்டுவிடுகிறார்கள். (பெற்றோர் வகிக்கும் அரசுப் பதவியைப் பொறுத்துத் தனி விதிகள் உண்டு.) சான்று நடப்பு நிதியாண்டில், அதாவது ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கியதா என்றும் பார்ப்பார்கள்.

குடும்பத்தில் யாருமே பட்டம் பெறாதிருந்தால் முதல் பட்டதாரிச் சான்று வாங்கிக் கல்விக் கட்டணச் சலுகை பெறலாம். ஒற்றைச் சாளரக் கவுன்சலிங்கில் வந்தால்தான் உண்டு, மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் இல்லை. இவை எல்லாவற்றுக்கும் இ-சேவை மையத்தில் மனு போட வேண்டும். ஜூனில் ஊரே அங்கே வரிசையில் நிற்கும். ஏப்ரலில் போனால் உட்கார நாற்காலி கிடைக்கும்.

சாய்ஸ் ஃபில்லிங்

இத்தனை தூரம் வந்த பிறகு பலர் சறுக்குவது கடைசிப் படியில். பொறியியல் கவுன்சலிங்கில் கல்லூரிக் குறியீட்டையும் பாடப்பிரிவுக் குறியீட்டையும் நமக்குப் பிடித்த வரிசையில் அடுக்க வேண்டும். எத்தனை வேண்டுமானாலும் போடலாம். கம்ப்யூட்டர் மேலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, உங்கள் ரேங்க்கும் பிரிவும் எந்த வரியில் முதலில் பொருந்துகிறதோ அதைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் புரியும். 'நமக்கு எங்கே கிடைக்கப்போகிறது' என்று நல்ல கல்லூரியைக் கீழே போடுவதில் எந்த லாபமும் இல்லை. கிடைக்காத வரியைத் தாண்டிப் போவதால் உங்களுக்கு ஒன்றும் குறையாது. ஆனால் கிடைக்கக்கூடிய சாதாரணக் கல்லூரியை மேலே போட்டால் சிக்கல். அது பொருந்திவிட்டால் அதற்குக் கீழே இருக்கும் எதையும் கம்ப்யூட்டர் பார்க்காது. அதே போல், எந்தக் கல்லூரிக்குப் போக மனமே இல்லையோ அதைப் பட்டியலை நிரப்புவதற்காகச் சேர்க்கக் கூடாது.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் ஐந்து வாய்ப்புகளில் ஒன்றைச் சொல்ல வேண்டும்: ஏற்றுச் சேர்வது, ஏற்றுக்கொண்டு மேலே கிடைத்தால் மாறுவது, இது வேண்டாம் மேலே கிடைத்தால் மட்டும் போதும் என்பது, அடுத்த சுற்றுக்குப் போவது, கவுன்சலிங்கிலிருந்து விலகுவது. இரண்டாவதும் மூன்றாவதும் கேட்க ஒன்று போலத்தான் இருக்கும். இரண்டாவதில், மேலே எதுவும் காலியாகாவிட்டாலும் கையில் இருக்கும் சீட் உங்களுக்குத்தான். மூன்றாவதில் அந்த சீட் அப்போதே வேறொருவருக்குப் போய்விடும். ப்ரௌசிங் சென்டரில் பின்னால் நிற்கும் கூட்டத்தின் அவசரத்தில் இதைத் தேர்வு செய்ய வேண்டாம். அந்த ஐந்து வரியையும் முந்தின நாள் இரவே வீட்டில் பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதி, எந்தக் கல்லூரி வந்தால் எதை அழுத்துவது என்று குறித்துக்கொண்டு போங்கள்.